பத்தாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டவருக்கு

கேள்வி இது: "'தி எக்ஸ்பேன்ஸ்' அறிவியல் புனைவுத் தொடரின் முதல் நாவலான 'லெவியத்தன் வேக்ஸ்' பத்து அத்தியாயம் படித்திருக்கிறேன். ஊர்கள், கப்பல்கள், கட்சிகள் எல்லாம் குழம்புகின்றன. ஒரு அத்தியாயம் சூடு பிடித்தால் அடுத்தது வேறு ஆளிடம் போய்விடுகிறது. தொலைக்காட்சியில் பார்த்த பூமியின் அரசியல்வாதி அவசரலாவையும் காணோம். மொத்தம் ஒன்பது நாவல்களாம். தொடரலாமா, விட்டுவிடலாமா? இந்த மாதிரித் தொடர்களின் முதல் பாகத்தை எப்படித்தான் படிப்பது?"

தொடருங்கள். ஆனால் இதுவரை படித்த விதத்தில் வேண்டாம். உங்கள் கேள்வியைப் பார்த்தால், தேர்வுக்குப் படிப்பதுபோல் ஒவ்வொரு பெயரையும் மனப்பாடம் செய்ய முயல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். முதன்முதலில் 'டூன்' எடுத்தபோது, அதன் கடைசியில் ஒரு சொல் அகராதி இருப்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பின்பக்கம் புரட்டிப் புரட்டிப் படித்தேன். நாற்பது பக்கத்துக்குள் நாவல் செத்துப்போனது. இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது அகராதிப் பக்கம் போகவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். நான்கே நாளில் முடித்துவிட்டேன். புரியாத சொற்களில் முக்கால்வாசி தானாகவே புரிந்தன. மீதி கடைசிவரை புரியவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோகவும் இல்லை.

அந்த இரண்டாவது வாசிப்பில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை இன்றுவரை எல்லா முதல் பாகங்களிலும் பயன்படுத்துகிறேன். புது உலகம் ஒன்றுக்குள் நுழைந்ததும் "யார் யார்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இங்கே எது அரிது?" என்று கேளுங்கள். நமக்கு இயல்பாகக் கிடைக்கும் எந்தப் பொருளுக்காக அங்கே உயிரைக் கொடுக்கிறார்கள்? அது தெரிந்துவிட்டால், யார் யாருக்கு எதிரி, ஏன் இந்தக் கோபம், ஏன் இந்த விநோதப் பழக்கம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதில் மாட்டிக்கொள்ளும்.

'டூன்' நாவலில் ஒரு காட்சி வரும். பாலைவனத் தலைவன் ஒருவன், புதிதாக வந்திருக்கும் பிரபுவின் மேஜைமீது துப்புகிறான். சுற்றி நிற்பவர்கள் கொதித்துப்போகிறார்கள். அந்த மக்களோடு பழகிய ஒருவன்தான் தடுத்து, உடலின் ஈரத்தைக் காணிக்கையாகக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறான். தண்ணீர் இல்லாத கிரகத்தில் எச்சில்கூட மரியாதைதான். அந்த ஒரு பக்கம் புரிந்தவருக்கு மற்ற அறுநூறு சொச்சம் பக்கங்களுக்குச் சாவி கையில் வந்துவிடும். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முதல் நூலிலும் இப்படி ஒன்று உண்டு. டெர்மினஸ் என்ற அந்தக் கிரகத்தில் உலோகம் கிடையாது. ஆனால் அணுசக்தி அறிவு இருக்கிறது. சுற்றியுள்ள அரசுகளிடம் உலோகமும் படையும் இருக்கின்றன, அணுசக்தியை மறந்துவிட்டார்கள். அந்த நூலின் அரசியல் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து முளைத்தவைதான். லாரி நிவனின் 'ரிங்வேர்ல்டு' நாவலில் வேறொரு சூரியனைச் சுற்றிக் கட்டப்பட்ட ஒரு பிரம்மாண்ட வளையம் வருகிறது. நிலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எவ்வளவு தோண்டினாலும் தாது கிடையாது, ஏனென்றால் அது செய்யப்பட்ட உலகம். அங்கே ஒரு நாகரிகம் விழுந்துவிட்டால் மறுபடி எழுந்திருக்க ஒரு துண்டு இரும்புகூட மண்ணுக்கடியில் இருக்காது.

சரி, உங்கள் நாவலுக்கு வருகிறேன். நீங்கள் படித்த இடத்தைத் தாண்டி எந்த முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

நாவலின் இரு நாயகர்களில் ஒருவரான ஹோல்டன் வேலை பார்க்கும் கேன்டர்பரி என்ன கப்பல்? போர்க்கப்பலும் இல்லை, ஆராய்ச்சிக் கப்பலும் இல்லை. சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்து இழுத்து வரும் பழைய கட்டை வண்டி. அந்தப் பனிக்கட்டிதான் சிறுகோள் பட்டையில் வாழ்பவர்களின் குடிதண்ணீர். பிரித்தால் சுவாசிக்கும் காற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கப்பலுக்கு நேர்ந்த கதியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதைத் தாக்கியது ஐம்பது பேரைக் கொன்ற குற்றம் என்பதோடு நிற்கவில்லை. அந்தப் பட்டையில் உள்ள சீரீஸ் நிலையத்தில் இருக்கும் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கானவர்களின் குழாயில் கைவைத்ததுபோல. இன்னொரு நாயகரான சீரீஸ் போலீஸ்காரர் மில்லரின் அத்தியாயங்களில் தெருவில் ஏன் கல்லெறி தொடங்குகிறது, மேலதிகாரிகள் ஏன் பதறுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். ஹோல்டன் கதையும் மில்லர் கதையும் தனித்தனி என்று உங்களுக்குத் தோன்றியது அல்லவா? தண்ணீரைப் பின்தொடர்ந்தால் முதல் சில அத்தியாயங்களிலேயே இரண்டும் ஒரே கதை என்று தெரிகிறது.

கட்சிகளையும் இதே வழியில் நினைவில் வைக்கலாம். பூமியிடம் மக்கள்தொகையும், இலவசமாகக் கிடைக்கும் காற்றும் நீரும் இருக்கின்றன. செவ்வாயிடம் நல்ல கப்பல்களும் கட்டுப்பாடான ராணுவமும் இருக்கின்றன. ஆனால் தங்கள் கிரகத்தைப் பசுமையாக்கும் கனவுக்கு இன்னும் தலைமுறைகள் ஆகும். பட்டைக்காரர்களிடம் உழைப்பும் தாதுவும் இருக்கின்றன, மற்றதெல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். ஓ.பி.ஏ. என்று அடிக்கடி வருகிறதே, அது அவர்களின் கூட்டமைப்பு. சிலர் அதைத் தொழிற்சங்கம் மாதிரிப் பார்க்கிறார்கள், சிலர் பயங்கரவாதக் கும்பல் என்கிறார்கள். அது எது என்று நாவல் தெளிவாகச் சொல்லவில்லையே என்று தவிக்க வேண்டாம். யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும், வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டதுதான். இந்த மூன்று வரிக்கு மேல் குறிப்பு எடுக்காதீர்கள்.

அரிதான இரண்டாவது பொருள் ஒன்று இருக்கிறது. அதை நாவல் எங்கேயும் பெயர் சொல்லி அறிவிக்காது. எடை. நீங்களும் நானும் எழுந்து நின்றால் கால் தரையில் பதிகிறது. அதைப் பற்றி யோசிப்பதில்லை. இந்த நாவலில் எடை என்பது சம்பாதிக்க வேண்டிய ஒன்று. சண்டைக் காட்சிகள் குழம்புகின்றன என்று பலர் சொல்வதற்குக் காரணமும் இதுதான். நம் கண்ணில் திரைப்படக் கப்பல்கள் பதிந்திருக்கின்றன. அவை விமானம் மாதிரி, தரை கீழே, இன்ஜின் பின்னால். இங்கே அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் உயர்ந்த கட்டிடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடித்தளத்தில் இன்ஜின், மேல்மாடியில் ஓட்டுநர். இன்ஜின் எரியும்போது கட்டிடம் மேல்நோக்கிப் பாய்கிறது, அந்த உந்துதல்தான் காலைத் தரையோடு அழுத்துகிறது. இன்ஜினை அணைத்தால் எல்லோரும் மிதப்பார்கள். பாதி வழியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதி முழுக்க இன்ஜினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் காட்சிகளின் அழுத்தம் புரியும். பூமியில் நாம் உணரும் அதே எடை தரும் முடுக்கத்தில் ஒரு மணி நேரம் இன்ஜினை எரித்தால், கப்பல் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். ஒரு நாள் முழுக்க எரித்தால் நொடிக்கு கிட்டத்தட்ட 850 கிலோமீட்டர். இன்றைய ராக்கெட்டுகளுக்குச் சில நிமிடங்களிலேயே எரிபொருள் தீர்ந்துவிடும். அதனால்தான் நாவலில் எப்ஸ்டீன் இன்ஜின் என்று ஒன்றைக் கற்பனையாக வைத்திருக்கிறார்கள்: கொஞ்சம் எரிபொருளில் நாள்கணக்கில் எரியும். மற்றபடி உடலின் கஷ்டம் அப்படியே நிஜம். 60 கிலோ எடையுள்ளவர் மூன்று மடங்கு முடுக்கத்தில் 180 கிலோவாக உணர்வார். நெஞ்சை விரித்து மூச்சு இழுப்பதே வேலையாகிவிடும். அந்த நிலையில் நினைவு தப்பாமலிருக்கத்தான் உடம்பில் மருந்து ஏற்றிக்கொள்கிறார்கள். தப்பி ஓடும் காட்சி வரும்போது, துரத்துபவனின் ஆயுதத்தைவிட ஓடுபவனின் இதயம் தாங்குமா என்பதைப் பார்த்துப் படியுங்கள்.

பட்டைக்காரர்கள் ஏன் நெட்டையாக, ஒல்லியாக இருக்கிறார்கள் என்பதற்கும் எடைதான் காரணம். குறைந்த எடையில் வளர்ந்த எலும்பு. அவர்கள் பூமிக்கு வந்து குடியேறுவது உடலளவிலேயே பெரிய வேதனை. ஆக, இந்த நாவலில் இனப்பகை என்பது மொழியிலோ மதத்திலோ இல்லாமல் எலும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த சின்ன விவரம் ஒன்று மில்லரின் முதல் அத்தியாயங்களிலேயே வந்துவிடுகிறது. பட்டைக்காரர்கள் தலையசைப்பதற்கும் தோளைக் குலுக்குவதற்கும் பதிலாகக் கையால் சைகை காட்டுவார்கள். விண்வெளி உடைக்குள் இருப்பவரின் தலை அசைவது வெளியே தெரியாது இல்லையா, அந்தக் காலத்துப் பழக்கம் உடை கழன்ற பிறகும் தங்கிவிட்டது. ஒரே வரியில் வந்து போகும். வேகமாகப் படித்தால் தவறிவிடும். ஒரு சமூகத்தின் நூறு வருட வரலாற்றை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல நல்ல கை வேண்டும்.

பட்டைக்காரர்களின் கலப்பு மொழியும் அப்படித்தான். பல மொழிகளைப் பிசைந்து ஆசிரியர்கள் செய்த பேச்சு அது. ஒவ்வொரு சொல்லையும் தேடாதீர்கள். எதிரில் இருப்பவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள், கேட்டது என்னவென்று தெரிந்துவிடும். மொழி தெரியாத ஊரில் நாம் அப்படித்தானே சமாளிக்கிறோம்?

அறிவியல் எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியா என்று யாராவது உங்களிடம் வாதாட வந்தால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். சீரீஸ் நிஜமான குறுங்கோள். 1801 ஜனவரி 1 அன்று ஜுசெப்பே பியாஸி கண்டுபிடித்தது, விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். நாவலில் அதைச் சுழற்றிவிட்டு, உள்ளே குடைந்த சுரங்கங்களில், பூமி எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கிடைக்குமாறு செய்திருக்கிறார்கள். நிஜத்தில் சீரீஸ் ஒரு சுற்றுக்கு 9 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நாவல் சொல்லும் எடை வேண்டுமென்றால் 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் வெளியே வீசும் விசை, அதன் சொந்த ஈர்ப்பைப்போலப் பத்து மடங்குக்கு மேல். பாறையும் பனியும் சேர்ந்த அந்த உருண்டை கட்டுக்கோப்பாக இருக்குமா என்பது சந்தேகம்தான். எப்ஸ்டீன் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, நன்றாகவே வேலை செய்கிறது என்கிற ரீதியில் ஆசிரியர்களே வேடிக்கையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும், எங்கே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உடம்புக்கு நேர்வதில் கண்டிப்பு, இயந்திரத்தில் சலுகை. அது போதும்.

அடுத்து, அத்தியாயம் மாறி மாறி வரும் எரிச்சல். அட்டையில் ஆசிரியராக இருக்கும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது ஒருவர் இல்லை. டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் என்ற இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். இந்த முதல் நாவலில் ஹோல்டன் அத்தியாயங்களை ஃபிராங்க் எழுதினார், மில்லர் அத்தியாயங்களை ஆபிரகாம் எழுதினார், பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார்கள். அதனால் உங்கள் கையில் இருப்பது இரண்டு வகை நாவல். ஒன்று விண்வெளி சாகசம்: கப்பல், குழு, தலைவன், தப்பித்தல். இன்னொன்று பழைய பாணித் துப்பறியும் கதை: குடிக்கும் போலீஸ்காரர், காணாமல் போன பணக்கார வீட்டுப் பெண் ஜூலி மாவ், அழுக்கு நகரம். இரண்டுக்கும் வேகம் வேறு. ஹோல்டன் பக்கம் நிமிடக் கணக்கில் ஓடும். மில்லர் பக்கம் நாள்கணக்கில் ஊறும். ஒரு வேகத்துக்குப் பழகிய மனம் அடுத்த அத்தியாயத்தில் தடுக்கி விழுவது இயல்பு.

இதற்கு நான் கண்ட மருந்து மிக எளியது. இரண்டிரண்டு அத்தியாயமாகப் படியுங்கள். ஹோல்டன் ஒன்று, மில்லர் ஒன்று, அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஹோல்டன் அத்தியாயத்தின் முடிவில் தொங்கவிடப்பட்ட இடத்தில் நிறுத்தினால் மறுநாள் மில்லர் உங்களுக்கு எதிரியாகத் தெரிவார். அவரையும் முடித்துவிட்டு நிறுத்தினால் மறுநாள் ஹோல்டனின் முடிச்சோடு தொடங்கலாம். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் 'தொடரும்' வித்தை புதிதில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வாரா வாரம் வந்தபோது வாசகர்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். நீங்கள் பதினைந்து பக்கம் காத்திருந்தால் போதும்.

இருவரையும் ஒப்பிட்டுப் படிப்பதில்தான் நாவலின் உண்மையான சண்டை இருக்கிறது. ஹோல்டனுக்குக் கையில் ஒரு தகவல் கிடைத்தால் உடனே உலகத்துக்கே அறிவித்துவிட வேண்டும். மக்கள் தெரிந்துகொண்டு நியாயமாக நடப்பார்கள் என்று நம்புகிறார். கப்பல் அழிந்ததும் அவர் அனுப்பிய ஒளிபரப்பை நினைத்துப் பாருங்கள். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் என்ன விளைந்தது? மில்லருக்கு மக்கள்மீது அந்த நம்பிக்கை துளியும் கிடையாது. தகவலைப் பூட்டி வைத்து, பொருத்தமான இடத்தில் தானே முடிவெடுக்கும் போலீஸ் புத்தி அவருடையது. இருவரில் யார் பக்கம் என்று முதலிலேயே தீர்மானித்துவிடாதீர்கள். ஹோல்டன் சில இடங்களில் தன் நேர்மையாலேயே கடுப்பேற்றுவார். அது எழுதியவரின் கைப்பிழை இல்லை, அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறார்.

அந்த ஒளிபரப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். செய்தி ஒளியின் வேகத்தில்தான் போகும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே அது 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை. சனிக்கருகே இருந்து அனுப்பினால் பூமியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கேட்கும். "நிறுத்து" என்று ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். இங்கே சமாதானப் பேச்சுகள் ஏன் கைகூடுவதில்லை என்று வியக்கும்போதெல்லாம் இந்தத் தாமதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அவசரலா விஷயம் சுருக்கமாக: நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அவர் இரண்டாவது நாவலான 'காலிபன்ஸ் வார்' நூலில்தான் அறிமுகமாகிறார். பூமியின் தரப்பைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டதால் தொலைக்காட்சியில் முதல் பகுதியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் நாவலின் கதை தொலைக்காட்சியின் முதல் பருவத்தோடு முடியவும் இல்லை. இரண்டாம் பருவத்தின் நடுவரை நீள்கிறது. அதனால் அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்காதீர்கள். திரையில் பார்த்த முகங்கள் மனத்தில் வந்தால் வரட்டும், அது உதவிதான்.

ஒன்பது நாவலா என்று மலைக்கிறீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. தொடரின் முதல் நாவல் என்று இன்று நாம் சொல்பவற்றில் பல, எழுதப்பட்டபோது தொடரின் முதல் நாவலாகவே இல்லை. 'ஃபவுண்டேஷன்' 1951இல் புத்தகமாக வருவதற்கு முன் 1942 முதல் 1944 வரை ஒரு பத்திரிகையில் வந்த தனித்தனிக் கதைகள். தொடக்கப் பகுதியைப் புத்தகத்துக்காகப் பிறகு எழுதிச் சேர்த்தார் அசிமோவ். 'ரிங்வேர்ல்டு' 1970இல் வந்தபோது அடுத்த பாகம் எழுதும் எண்ணம் நிவனுக்கு இல்லை. மறுவருடம் நடந்த அறிவியல் புனைவு மாநாட்டில், அந்த வளையம் நிலையாக நிற்காது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் கோஷமே போட்டார்கள். வளையம் மெல்ல நகர்ந்து சூரியனில் உரசிவிடும், அதை நிறுத்த ஏதாவது வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்குப் பதில் சொல்லும் விதமாகப் பல வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. (முதல் பதிப்பின் தொடக்கத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிறந்தநாளை நீட்டிக்க நாயகன் ஊர் ஊராகத் தாவுகிறான், ஆனால் தப்பான திசையில். மேற்கே போக வேண்டியவன் கிழக்கே போகிறான். பிற்பாடு திருத்தினார்கள்.) 'டூன்' கதை இன்னும் வேடிக்கை. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 1965இல் அதை வெளியிட்டது கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன நிறுவனம்.

இதற்கு நேர்மாறாக, என்னை ஏமாற்றிய முதல் பாகம் ஒன்றும் உண்டு. டான் சிம்மன்ஸ் எழுதி 1989இல் வந்த 'ஹைப்பீரியன்'. ஏழு பயணிகள், அவர்களில் ஆறு பேருக்கு ஆளுக்கொரு கதை, ஒவ்வொன்றும் மணி மணியான எழுத்து. கடைசிப் பக்கம் புரட்டினால் அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான், முடிந்தது. புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதோ என்று தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். மீதிக் கதை அடுத்த வருடம் தனி நூலாக வந்தது. அதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்திருப்பேன்.

'லெவியத்தன் வேக்ஸ்' உங்களை அப்படி நடுவழியில் விடாது. அது தான் எழுப்பிய கேள்விக்குத் தானே பதில் சொல்லி முடிகிறது. ஜூலி மாவுக்கு என்ன ஆயிற்று, கேன்டர்பரியை ஏன் அழித்தார்கள் என்ற இரண்டும் இந்த நூலுக்குள்ளேயே தெரிந்துவிடும். பெரிய கதவு ஒன்று திறந்து கிடக்கும், ஆனால் உள்ளே போகாமல் திரும்பினாலும் ஒரு முழு நாவல் படித்த நிறைவு இருக்கும். ஆகவே ஒன்பது என்ற எண்ணை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் படியுங்கள்.

விட்டுவிடுவது தவறா என்றும் ஒரு பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. தவறே இல்லை. ஆனால் எங்கே நின்று முடிவெடுப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நாவலின் நடுப்பகுதியை நெருங்கும்போது ஹோல்டனும் மில்லரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஒருவர் கண்ணால் மற்றவரைப் பார்க்கும்போது, இதுவரை நீங்கள் நம்பியிருந்த படம் கொஞ்சம் ஆட்டம் காணும். அதற்குப் பின் நாவலின் தன்மையே மாறி, அரசியலும் துப்பறிதலும் போய் வயிற்றைக் கலக்கும் பயம் வந்து உட்காரும். அந்த மாற்றத்துக்குப் பிறகும் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டக் கை போகவில்லை என்றால் தாராளமாக வைத்துவிடுங்கள், இது உங்களுக்கான தொடர் இல்லை. பத்தாவது அத்தியாயத்தில் வைப்பது கொஞ்சம் அவசரம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக்கூடாது. உரைநடை வேலை நடக்கும் அளவுக்கு இருக்கும். நின்று ரசித்து அடிக்கோடு போடும் வரிகள் குறைவு. ஜூலி மாவ் நாவலின் இதயம் என்கிறார்கள், ஆனால் அவளை நாம் நேராகச் சந்திப்பது மிகக் கொஞ்சம். பெரும்பாலும் மில்லரின் மனத்தில் இருக்கும் ஜூலிதான் நமக்குக் கிடைக்கிறாள். அந்த ஏக்கம் எனக்குச் சில இடங்களில் அலுத்தது. தொடக்கமும் முடிவும் தவிர மொத்த நாவலும் இரண்டு ஆண்களின் பார்வையிலேயே நகர்வதும் ஒரு குறைதான். ஹோல்டனோடு கப்பலில் இருக்கும் நவோமி போன்ற ஒருவரை அவர் கண் வழியாக மட்டுமே பார்த்தால் எப்படிப் போதும்? இரண்டாவது நாவலில் பார்வைகள் நான்காகின்றன. அவசரலாவும், பாபி என்ற செவ்வாய்ப் படைவீராங்கனையும் வந்ததும் தொடருக்கு வேறு ரத்தம் பாய்கிறது. என் கணிப்பில் தொடரின் உச்சம் ஐந்தாவது நூலான 'நெமிசிஸ் கேம்ஸ்'. முதல் நூல் மூன்றாவது நான்காவது இடத்தில்தான் வரும்.

குறுநாவல்களை எப்போது படிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். 2011இல் முதல் நாவல், 2021இல் கடைசி நாவலான 'லெவியத்தன் ஃபால்ஸ்'. இடையிடையே வந்த சிறுகதைகளும் குறுநாவல்களும் 2022இல் 'மெமரிஸ் லீஜியன்' என்ற ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. எப்ஸ்டீன் இன்ஜின் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் சிறுகதையும் அதில் இருக்கிறது; காலவரிசைப்படி அது முதலில் நடப்பதால் முதலில் படிக்கச் சொல்வார்கள் சிலர். வேண்டாம். அந்த இன்ஜின் இல்லாமல் இந்த உலகமே இல்லை என்பது தெரிந்த பிறகு படித்தால்தான் அது வலிக்கும்.

இன்னும் ஒன்று. முதல் அத்தியாயத்துக்கு முன்னால், ஜூலி எட்டு நாளாக ஒரு பெட்டக அறையில் அடைபட்டுக் கிடக்கும் சில பக்கங்கள் வந்தன அல்லவா? அதைத் தலையும் காலும் புரியாமல் தாண்டி வந்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தை முடித்த அன்றே, இரண்டாவது நூலைத் தேடுவதற்கு முன், திரும்பிப் போய் அந்தச் சில பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த முறை அவள் கதவைத் திறந்துகொண்டு இன்ஜின் அறைப் பக்கம் நடக்கும்போது, போகாதே என்று கத்த வேண்டும்போல இருக்கும்.